வானத்தில் படிக்கட்டு: அசைவு வரைகலையில் ரெண்டர், எக்ஸ்போர்ட் சிக்கல்களைக் கண்டறிவது எப்படி?

திருகோணமலை நகரில் ஒரு கோவில் திருவிழாவுக்காக, எல்.ஈ.டி. திரையில் ஓடவேண்டிய ஒரு நிமிடக் காட்சியொன்றைச் செய்துகொடுத்தேன். அந்தி வானம், அதன் முன்னே கோபுரத்தின் நிழலுரு, மேலிருந்து மெல்ல இறங்கும் எழுத்து, அவ்வளவுதான். என் மேசையிலிருந்த மொனிட்டரில் குறை எதுவும் தெரியவில்லை. திருவிழாவுக்கு முதல்நாள் மாலை வெளிவீதியில் திரையை நிறுத்தி ஓடவிட்டபோது, நிர்வாக சபைப் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, வானத்திலே ஏன் படிக்கட்டுக் கட்டி வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். செம்மஞ்சளிலிருந்து கருநீலத்துக்கு வழுக்கிச் செல்லவேண்டிய வானம், பட்டை பட்டையாக வெட்டப்பட்டுக் கிடந்தது.

அன்றிரவு நான் செய்தவை இவை: பிட்ரேட்டை, அதாவது ஒரு செக்கன் காட்சிக்குச் செலவிடும் தகவலின் அளவை, இரண்டு மடங்காக்கினேன், எம்பி4 கோப்பை எம்ஓவி ஆக்கினேன், எல்லாவற்றையும் 4கே அளவுக்கு உயர்த்தினேன், கிராபிக்ஸ் அட்டையின் டிரைவரைக்கூட அகற்றிவிட்டுப் புதிதாக நிறுவினேன். அதிகாலை இரண்டு மணியளவில் என்னிடம் ஏழு கோப்புகள் இருந்தன. ஏழிலும் படிக்கட்டு இருந்தது. அமைப்புகளை மாற்றத் தெரியாமல் இது நேரவில்லை. குறை எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதைப் பார்க்காமலே மாற்றத் தொடங்கியதுதான் பிழை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் காண்பதும் பெரும்பாலும் இதே பிழையைத்தான் என்பதால், அதை மையமாக வைத்தே இங்கே விளக்குகிறேன்.

சமையலும் பார்சலும்

நாம் பொதுவாக "ரெண்டர் போட்டேன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற வேலைக்குள் உண்மையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு பிரேமிலும், அதாவது காட்சியை ஆக்கும் ஒவ்வொரு தனிப் படத்திலும், உள்ள ஒவ்வொரு பிக்சலும் என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று கணினி கணக்கிடுவது. லேயர்கள், நிழல்கள், மங்கல், எழுத்து, ஒளி எல்லாம் ஒன்றாகி ஒரு முழுப் படமாவது இந்தக் கட்டத்தில்தான், இதுவே ரெண்டர். இரண்டாவது, அவ்வாறு பிறந்த ஆயிரக்கணக்கான படங்களைச் சுருக்கி, ஒலியையும் சேர்த்து, ஒரே கோப்பாகக் கட்டுவது, இது என்கோடிங். சோற்றுப் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கறி உறைத்தால் சமைத்தவரிடம் கேட்கவேண்டும், குழம்பு கசிந்தால் கட்டியவரிடம் கேட்கவேண்டும். கசிந்த பார்சலுக்காக மறுபடியும் உலை வைப்பவர் யாரும் இல்லை. ஆனால் நாங்கள் கணினிக்கு முன்னால் அதைத்தான் செய்கிறோம். பார்சல் வீடுபோய்ச் சேரும் வழியிலும் நசுங்கலாம் என்பதால், கோப்பைத் திறந்துகாட்டும் பிளேயர், அனுப்பப்படும் வட்ஸ்அப், ஏற்றப்படும் யூடியூப் ஆகியவற்றையும் மூன்றாவது கட்டமாகக் கணக்கில் எடுக்கவேண்டும்.

சுருக்குதல் எவ்வளவு கடுமையான வேலை என்பதை ஒரு கணக்கு காட்டும். 1920×1080 அளவுள்ள ஒரு பிரேமில் 20 இலட்சத்துக்கும் அதிகமான பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் என்றால் ஒரு பிரேம் ஏறக்குறைய 6.2 மெகாபைட் ஆகிறது. செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 155 மெகாபைட். இதே அளவுள்ள, செக்கனுக்கு 24 முதல் 30 பிரேம் வரையுள்ள காட்சிக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் செக்கனுக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். ஆக, என்கோடர் நம் படத்தில் 155 பங்கில் 154 பங்கை எறிந்துவிட்டு, எறிந்தது கண்ணுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறது. எப்போதாவது அது தோற்றுப்போவதில் வியப்பில்லை.

குறை எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் சோதனை மிகச் சிறியது. குறை தெரியும் இடத்தில் டைம்லைனை நிறுத்தி, அந்த ஒரு பிரேமை மட்டும் பிஎன்ஜி படமாக எடுக்கவேண்டும். பிஎன்ஜி படத்தைச் சுருக்கினாலும் தகவலை இழப்பதில்லை. ஆகவே அதில் தெரிவது ரெண்டர் கட்டத்தின் உண்மை முகம். அந்தப் படத்திலேயே குறை இருந்தால் பிட்ரேட்டையும் கொடெக் எனப்படும் சுருக்கும் முறையையும் தொடவே வேண்டாம், புரொஜெக்டுக்குள் திரும்பிப் போகவேண்டும். படம் சுத்தமாக இருந்து, வெளிவந்த காட்சிக் கோப்பில் மட்டும் குறை இருந்தால் அது என்கோடிங்கின் வேலை. கோப்பும் உங்கள் கணினியில் நன்றாக இருந்து, வாடிக்கையாளரின் கைபேசியில் மட்டும் கெட்டுத் தெரிந்தால் அது வழியில் நசுங்கிய பார்சல். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அன்றிரவு அதைச் செய்திருந்தால் நான் பதினொரு மணிக்கே நித்திரைக்குப் போயிருப்பேன்.

படிக்கட்டு வந்த கதை

அந்த வானத்தின் பிஎன்ஜி படத்தை மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது பட்டைகள் அதிலேயே இருந்தன. காரணம் எளியது. 8 பிட் நிறத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள் மட்டுமே உண்டு. நான் வரைந்த அந்தி வானம், வெளிச்ச அளவில் ஏறக்குறைய 30 இலிருந்து 70 வரை மட்டும் மாறியது. 40 படிகளை 1080 பிக்சல் உயரத்துக்குப் பரப்பினால் ஒவ்வொரு படியும் 27 பிக்சல் அகலமான பட்டையாகும். என் 24 அங்குல மொனிட்டரில் அது ஏழெட்டு மில்லிமீற்றர்தான், அதுவும் மங்கலான வேறுபாடு. கண் அதைக் கடந்து போய்விட்டது. வெளிவீதியில் நிறுத்திய திரையோ 4 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் கொண்டது. அதன் விளக்குகளுக்கிடையே 3.91 மில்லிமீற்றர் இடைவெளி என்பதால் உயரத்தில் 512 விளக்குகள் மட்டுமே இருந்தன; 40 படிகளை அதில் பரப்பினால் ஒவ்வொரு பட்டையும் 5 சென்ரிமீற்றர் தடிப்பு. பெரியவரின் கண்ணாடிக்கு அது தப்புமா?

இதற்கு மருந்து இரண்டு பகுதி கொண்டது. புரொஜெக்டின் நிற ஆழத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு உயர்த்தவேண்டும். மங்கல், ஒளிவட்டம், நிறத் திருத்தம் எனப் பல விளைவுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும்போது இடைக்கணக்குகள் துல்லியமாக நடக்க அது உதவும். ஆனால் அது மட்டும் போதாது, ஏனெனில் கடைசியில் வெளிவரும், எச்.264 என்ற பரவலான முறையில் சுருக்கிய வழக்கமான கோப்பு 8 பிட்தான்; 40 படிகள் மறுபடியும் 40 படிகளே. ஆகவே வானத்தின்மேல் நொய்ஸ் என்று சொல்லப்படும் மணல்போன்ற புள்ளிகளை ஒன்று, இரண்டு வீதம் மட்டும் தூவவேண்டும். ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் கோட்டை அந்த மணல் குலைத்துவிடுகிறது. கண்ணுக்கு வானம் வழுக்கிச் செல்வதாகத் தோன்றுகிறது. அழுக்கைத் தூவி அழகைக் காப்பாற்றுவது விநோதமாகத் தோன்றலாம், ஆனால் இத்துறையில் நீண்ட காலமாக இருந்துவரும் வழி அதுவே. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: பிட்ரேட் மிகக் குறைவாக இருந்தால் என்கோடர் முதலில் விழுங்குவது இந்த மணலைத்தான். அப்போது பட்டைகள் திரும்பி வரும், பிஎன்ஜி படம் சுத்தமாகவே இருக்கும். ஒரே தோற்றமுள்ள குறை இரண்டு வேறு கட்டங்களில் பிறக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியும் மடிப்பும்

எம்பி4, எம்ஓவி என்பவை தரத்தைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. அவை பெட்டிகள். பெட்டிக்குள் காட்சி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே கொடெக். ஒரே எச்.264 காட்சியை இரண்டு பெட்டிகளிலும் வைக்கலாம். அவ்வாறு வைத்தால் தரம் ஒரு துளியும் மாறாது. அன்றிரவு நான் எம்பி4 ஐ எம்ஓவி ஆக மாற்றியது, பழைய சேலையைப் புதிய பையில் போட்டதுபோன்ற வேலை.

எச்.264 என்பது 2003 இல் வெளியான தரம். இன்று ஏறத்தாழ எல்லாக் கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் அதைத் திறக்கும். பார்ப்பவருக்குக் கொடுக்க அதுவே பொருத்தம். வேலை செய்பவரிடமிருந்து இன்னொரு வேலை செய்பவருக்குப் போகும் கோப்புக்கு, ஆப்பிள் நிறுவனம் 2007 இல் அறிமுகப்படுத்திய புரோரெஸ் போன்ற கொடெக் பொருந்தும். அது குறைவாகச் சுருக்குவதால் மீண்டும் திருத்தி, மீண்டும் எக்ஸ்போர்ட் செய்தாலும் படம் எளிதில் சிதையாது. அதற்கான விலை கோப்பின் பருமன். அசைவு வரைகலைக்குப் பலரும் பயன்படுத்தும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைப் பொறுத்தவரை, பழைய பதிப்புகளின் ரெண்டர் வரிசையில் எச்.264 காணாமற்போய், மீடியா என்கோடர் என்ற துணை மென்பொருள் வழியாகவே எடுக்கவேண்டியிருந்தது. 2022 ஒக்டோபர் பதிப்பில் அது திரும்பி வந்தது. இணையத்திலுள்ள பழைய வழிகாட்டிகளும் உங்கள் திரையும் பொருந்தாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிட்ரேட்டைப் பற்றிப் பலரும் அறிந்தது, கூட்டினால் நன்றாக வரும் என்பது மட்டுமே. எவ்வளவு தேவை என்பதை உள்ளடக்கம்தான் தீர்மானிக்கிறது. எச்.264 ஒவ்வொரு பிரேமையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் பிரேமை வைத்துவிட்டு, மற்றவற்றில் என்ன மாறியது, எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதிவைக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஒரு கடையின் சின்னம் சுழன்று நிற்கும் காட்சிக்குச் செக்கனுக்கு 3 மெகாபிட்கூடப் போதுமானதாக இருக்கலாம். நிலாவெளிக் கடற்கரையில் அலை வந்து நுரையாக உடையும் காட்சிக்கு 8 மெகாபிட்டும் தள்ளாடும், ஏனெனில் நுரையில் முந்திய பிரேமை ஒத்தது எதுவுமே இல்லை. ஒவ்வொரு குமிழும் புதிது. புறாத்தீவின் நீருக்கடிக் காட்சிகள், தூவப்படும் பூக்கள், மழை, மினுங்கும் துகள்கள் எல்லாம் இதே இனம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீளும் சுற்றுலாப் பருவத்துக்கு முன்னர் இங்குள்ள விடுதிகள் விளம்பரக் காட்சி கேட்டு வரும்போது, கடல் தெரியும் செக்கன்களில் மட்டும் படம் சதுரம் சதுரமாக உடைவதைப் பார்த்துப் பலர் கமராவைச் சந்தேகிப்பார்கள். கமரா நிரபராதி. மாறும் பிட்ரேட் முறையை, அதுவும் இரண்டு சுற்றாகக் கணிக்கும் தெரிவைத் தேர்ந்தால், என்கோடர் முதற் சுற்றில் எங்கே நுரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் அமைதியான இடங்களில் மிச்சம் பிடித்ததை அங்கே செலவழிக்கும்.

கோப்பின் பருமனை முன்கூட்டியே அறிய, மெகாபிட் எண்ணைச் செக்கன்களால் பெருக்கி 8 ஆல் வகுக்கவேண்டும். 8 மெகாபிட்டில் மூன்று நிமிடம் 180 மெகாபைட். அளவின் அகலமோ உயரமோ ஒற்றை எண்ணாக இருந்தால் வழக்கமான எச்.264 எக்ஸ்போர்ட் பிழை காட்டக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சிவப்பு எழுத்தின் ஓரம் மட்டும் கசங்கித் தெரிகிறது என்ற முறைப்பாடும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. எச்.264 இல் வழமையாகப் பயன்படும் 4:2:0 முறை, வெளிச்சத் தகவலை 1920×1080 அளவில் முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலை 960×540 ஆகக் குறைத்துவிடுகிறது. மனிதக் கண் நிறத்தைவிட வெளிச்சத்தின் எல்லையையே கூர்மையாகப் பார்ப்பதால் பெரும்பாலான காட்சிகளில் இது தெரியாது. கறுப்பிலோ கரும்பச்சையிலோ குங்குமச் சிவப்பில் எழுதினால் மட்டும் வெளிச்ச வேறுபாடு குறைவாகவும் நிற வேறுபாடு அதிகமாகவும் இருக்கும். அப்போது இழந்தது வெளியே தெரியும். எழுத்தைச் சற்று வெளிறச் செய்யலாம், அல்லது மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுக்கலாம். கோவில் பதாகைகளில் சிவப்பெழுத்துக்கு வெள்ளைக் கரை போடும் ஓவியர்களுக்கு 4:2:0 பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவர்கள் செய்தது சரி.

தமிழ் எழுத்து உடையும்போது

ஆங்கில வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நமக்கோ இது அன்றாடச் சிக்கல், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இலங்கையில் இன்னும் பல அச்சகங்களும் ஸ்ரூடியோக்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த சொற்களையே தருகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே இருக்கின்றன, எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த அழைப்பிதழ் வரிகள், வேகமான கணினி என்று நம்பி எடுத்துச்சென்ற நண்பரின் கணினியில் ரெண்டர் ஆகும்போது அரைப்புள்ளிகள் கலந்த ஆங்கிலக் குழப்பமாக மாறினால், அங்கே பாமினி நிறுவப்படவில்லை என்று பொருள். புரொஜெக்டைத் திரட்டிக் கொடுக்கும் வசதி படங்களையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும், எழுத்துருவைக் கட்டாது. எழுத்துருக் கோப்பைத் தனியே எடுத்துச் செல்லவேண்டும், அல்லது சொற்களை, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடவேண்டும். இரண்டாவதே நிரந்தர வழி.

யூனிகோடிலும் ஒரு முடிச்சு உண்டு. "திருகோணமலை" என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறிகள், ஏனெனில் தி, ரு, கோ, லை ஒவ்வொன்றும் மெய்யின் உருவும் உயிர்க்குறியுமாக இரண்டிரண்டாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைச் சேர்த்து வரைவது மென்பொருளின் எழுத்துப் பொறி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் இலத்தீன் எழுத்துகளுக்கான பொறி இயங்கிக்கொண்டிருந்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "லை" என்பதில் ஐகாரக் குறி லகரத்துக்குப் பிறகு அநாதையாகத் தொங்கும். விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துப் பொறியைத் தேர்ந்து, பழைய லேயரில் மாற்றம் தெரியாவிட்டால் புதிய லேயரில் ஒட்டிப் பார்க்கவேண்டும்.

அதன் பிறகும் எழுத்தெழுத்தாக வந்து விழும் அசைவைப் போட்டால் உயிர்க்குறி மெய்யைவிட்டுப் பிரிந்து பறக்கக்கூடும். சொல் சொல்லாக அசைப்பது பாதுகாப்பான வழி. எழுத்தெழுத்தாகவே வேண்டுமென்றால் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டு, "கோ" வின் இரட்டைச்சுழிக் கொம்பையும் ககரத்தையும் காலையும் ஒரே குழுவாகக் கட்டி, அந்தக் குழுவை அசைக்கவேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் ஊர்ப்பெயர் உடைந்து ஓடும் காட்சியை ஊர்மக்களுக்கே போட்டுக்காட்டுவதைவிட அந்த நேரம் மேல்.

பாதியில் நிற்கும் ரெண்டர்

ரெண்டர் முடியாமலே நின்றுவிடுவது வேறு வகைச் சிக்கல். இங்கே கேட்கவேண்டிய முதற் கேள்வி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடங்களில் நிற்கிறதா என்பதே. எப்போதும் 1,412 ஆவது பிரேமில்தான் நிற்கிறது என்றால் குற்றவாளி அந்தப் பிரேமுக்குள் இருக்கிறது: சேதமான ஒரு காட்சித்துண்டு, எல்லையற்றுப் பெரிதாகும் ஒரு மங்கல், அல்லது அங்கே தொடங்கும் ஒரு செருகு நிரல் (பிளகின்). அந்தப் பிரேமில் லேயர்களில் பாதியை அணைத்து ஒரு பிரேமை மட்டும் ரெண்டர் செய்து, நின்றால் மீதிப் பாதியைப் பார்த்து, இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து வந்தால் 60 லேயர்களுக்குள்ளும் ஆறு முயற்சியில் குற்றவாளி அகப்படும்.

ஒருமுறை 20 வீதத்தில், மறுமுறை 73 வீதத்தில் என்று நின்றால் புரொஜெக்டை விட்டுவிட்டுக் கணினியைப் பாருங்கள். வன்தட்டு நிறைந்திருக்கலாம். நினைவகம் போதாமலிருக்கலாம்: 1920×1080 பிரேமொன்று ஒளிபுகு அலைவரிசையும் (எந்தப் பிக்சல் எவ்வளவு ஊடுதெரியும் என்ற தகவல்) சேர்த்து 8 பிட்டில் 8.3 மெகாபைட், 16 பிட்டில் 16.6, 32 பிட்டில் 33 மெகாபைட். 32 பிட்டில் பத்துச் செக்கன், அதாவது 250 பிரேம், நினைவகத்தில் 8 கிகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். தேவையில்லாமல் 32 பிட்டில் வேலை செய்பவரின் 16 கிகாபைட் கணினி மூச்சுத்திணறுவது அதனால்தான். வெப்பமும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையொன்றில் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ரெண்டர் போட்டால், அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது அணைந்துவிடும்.

பிறகு மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடே இருண்டதாகச் சொல்லப்பட்டதையும் மறந்தவர் இருக்கமாட்டார். எம்பி4 கோப்பின் உள்ளடக்கத்தில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, வழமையாகக் கடைசியிலேயே எழுதப்படுகிறது. 95 வீதத்தில் மின்சாரம் போனால் உங்களிடம் 95 வீதக் காட்சி இருக்காது. எந்தப் பிளேயரும் திறக்காத ஒரு கோப்புத்தான் இருக்கும். இதனாலேயே நீண்ட ரெண்டர்களை நான் நேரடியாகக் காட்சிக் கோப்பாக எடுப்பதில்லை, பிஎன்ஜி படங்களின் தொடராக எடுக்கிறேன். ஒவ்வொரு பிரேமும் இலக்கமிட்ட தனிக் கோப்பு. மின்சாரம் போனால் கடைசிப் படம் ஒன்றைத்தான் இழப்போம். 2,300 ஆவது படம் வரை இருந்தால் 2,301 இலிருந்து தொடரலாம். எல்லாம் முடிந்தபின் அந்தத் தொடரை எச்.264 ஆக்குவது சில நிமிட வேலை. ஒலியை மட்டும் தனியாக எடுத்து அப்போது சேர்க்கவேண்டும், படத் தொடரில் ஒலி இராது. இன்னொரு நன்மையும் இதற்குண்டு: சமையலும் பார்சலும் தாமாகவே பிரிந்துவிடுவதால், குறை எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு விடை எப்போதும் கோப்புறைக்குள்ளேயே கிடக்கும்.

ரெண்டர் ஒழுங்காக முடிந்தும் வெளிவந்தது மூன்று செக்கன் மட்டும் என்றால் டைம்லைனில் வேலைப்பகுதியின் எல்லை குறுக்கப்பட்டிருக்கும். படம் மங்கலாக வந்தால், முன்னோட்டத்துக்காகப் பாதி அல்லது கால் தெளிவுக்குக் குறைத்ததை ரெண்டர் அமைப்பு அப்படியே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு லேயர் மட்டும் வரவில்லை என்றால் அது வேலையின்போது மட்டும் தெரிந்து ரெண்டரில் வராத வழிகாட்டி லேயராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். படத்துக்குப் பதிலாகப் பல நிறச் சோதனைப் பட்டைகள் வந்தால் மூலக் கோப்பு இடம் மாறிவிட்டது.

பெயர்ப்பட்டை ஒன்றைப் பின்னணி இல்லாமல் எடுத்து இன்னொருவரின் காட்சியின்மேல் போடும்போது எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிவதும் அடிக்கடி நிகழ்வது. வழக்கமான எச்.264 இல் ஒளிபுகு அலைவரிசை கிடையாது என்பதால் புரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி தொடரில் கொடுத்திருப்பீர்கள், அது சரி. ஆனால் விளிம்பிலுள்ள பாதி ஒளிபுகும் பிக்சல்கள் கறுப்போடு முன்கூட்டியே கலக்கப்பட்டவையா, தம் நிறத்திலேயே விடப்பட்டவையா என்பதில் கொடுப்பவரும் எடுப்பவரும் ஒத்துப்போகவேண்டும். ஒருவர் கலந்து கொடுத்ததை மற்றவர் கலக்காதது என எண்ணினால், அந்தக் கறுப்பு விளிம்பில் அப்படியே தங்கிவிடும். எடுப்பவரின் மென்பொருளில் மூலக் கோப்பை விளங்கிக்கொள்ளும் அமைப்பை மாற்றினால் கோடு மறையும். மறுபடி ரெண்டர் தேவையில்லை.

துள்ளும் அசைவு

காட்சி இழுத்து இழுத்து ஓடுகிறது என்ற முறைப்பாட்டுக்கு மூன்று வேறு காரணங்கள் இருப்பதால் கவனம் தேவை. இலங்கைத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது, செக்கனுக்கு 25 பிரேம். கைபேசிகளோ 30 இல் எடுக்கின்றன. 30 பிரேம் துண்டை 25 பிரேம் கொம்போசிஷனில், அதாவது லேயர்களை அடுக்கும் வேலைத்தளத்தில், போட்டால் செக்கனுக்கு ஐந்து பிரேம் உதிரும், அது சீரான நகர்வில் தட்டலாகத் தெரியும். பெரும்பாலும் கைபேசிக் காட்சிதான் என்றால் தொடக்கத்திலேயே 30 ஐத் தேர்வது நல்லது. கைபேசி பல வேளைகளில் சீரற்ற பிரேம் வேகத்தில் பதிவதால் ஒலி மெல்ல மெல்லப் பிசகுவதும் உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வேகத்தை நிலையாக்கிவிட்டுப் பிறகு உள்ளே எடுக்கலாம். மூன்றாவது, கோப்பில் எந்தக் குறையுமில்லாதது: ஓர் எழுத்து 12 பிரேமில் 1920 பிக்சலைக் கடந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் 160 பிக்சல் தாவுகிறது. நகரும் பொருளின் விளிம்பை மங்கச் செய்யும் அசைவு மங்கலை இயக்காவிட்டால் அது துள்ளத்தான் செய்யும், எந்த எக்ஸ்போர்ட் அமைப்பாலும் அதைத் திருத்தமுடியாது.

ஒப்படைத்தல்

எல்.ஈ.டி. திரைக்குக் கொடுக்கும்போது அதன் உரிமையாளரிடம் "எத்தனை அடி?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை பிக்சல்?" என்றும் கேட்கவேண்டும். அரை மீற்றர்ச் சதுரப் பலகையொன்றில் 3.91 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் 128×128 விளக்குகள். எட்டுப் பலகை அகலம், நான்கு பலகை உயரம் என்றால் 1024×512. நான் அன்று 1920×1080 இல் கொடுத்தது இரண்டுக்கு ஒன்று என்ற அந்தத் திரைக்கு இழுக்கப்பட்டதால், கோபுரம் எட்டில் ஒரு பங்கு அகன்று குட்டையாகத் தெரிந்தது. படிக்கட்டைக் கண்ட பெரியவர் அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

பென் டிரைவில் போடும்போது கோப்பு ஏறமறுத்தால் அது எஃப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். அம்முறை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. புரோரெஸ் 422 எச்கியூ, 1920×1080 அளவில் 25 பிரேமுக்குச் செக்கனுக்கு 184 மெகாபிட், அதாவது 23 மெகாபைட். நான்கு நிமிடக் காட்சி 5.5 கிகாபைட்டைத் தாண்டிவிடும். எக்ஸ்எஃப்ஏடி முறையில் மறுவடிவமைத்தால் ஏறும், ஆனால் திரையை இயக்கும் கருவி அதை வாசிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

யூடியூப்பில் ஏற்றிய உடனே மங்கலாகத் தெரிந்தால் பதறி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். குறைந்த தெளிவு முதலில் தயாராகும், உயர்ந்த தெளிவு பின்னால் வரும். வட்ஸ்அப்பில் காட்சியாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் 2 கிகாபைட் வரையுள்ள கோப்பு அப்படியே போய்ச்சேரும். வாடிக்கையாளர் "கிளியர் இல்லை, தம்பி" என்று சொன்னால், அவர் எந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறார் என்று முதலில் கேட்பது என் வழக்கம். பாதி வேளை அது அவருடைய மருமகன் வட்ஸ்அப்பில் இரண்டாம் கையாக அனுப்பிய பிரதியாகவே இருக்கும்.